குறைவாகப் போட்டால் நல்லதுதானே?

எங்கள் தொழிலில், செய்த பொருள் ஆயுள் முழுக்கச் சும்மா கிடந்தால் அது வெற்றி. ஒரே ஒரு முறை, கண் இமைப்பதற்குள் வேலை செய்துவிட்டு முடிந்துபோனால் அதுவும் வெற்றி. இடைப்பட்ட எதுவும் வழக்கு.

ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஆலை. காரின் சீட் பெல்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு உலோகக் குப்பியை நாங்கள் செய்கிறோம். குப்பிக்குள் மருந்து. துப்பாக்கித் தோட்டாவில் இருக்கும் மருந்துக்கு இது பங்காளி முறை. கார் எதிலாவது மோதினால் மருந்து பற்றிக்கொள்ளும். எழும் வாயு பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து, ஆளை இருக்கையோடு சேர்த்துப் பிடித்துவிடும். நான் அங்கே பாதுகாப்புப் பயிற்சி அதிகாரி. மருந்தோ மின்சாரமோ அமிலமோ, எதையாவது சுட்டிக்காட்டி "வேண்டாம்" என்று சொல்லியே பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். "அதிகமாகப் போடாதீர்கள்" என்றால் ஊரே கேட்கிறது. "குறைவாகவும் போடாதீர்கள்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.

தடை செய்யப்பட்ட சொல்

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பில் "கொஞ்சம்" என்ற சொல்லைத் தடை செய்துவிடுவேன். கொஞ்சம் என்பது அளவு அல்ல, மனநிலை. சமையல்காரர் கொஞ்சம் உப்பு போடலாம். ருசி பார்த்து அப்புறம் சரிசெய்துகொள்வார். எங்கள் சரக்கை ருசி பார்க்க வழியில்லை. ஒரு குப்பியைச் சோதித்தால் அந்தக் குப்பி போயிற்று. சோதிக்காத மற்றவற்றை நம்பித்தான் விற்கிறோம். அந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அளவு. இதைக் கேட்டுப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள உறவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உற்பத்தி மேலாளர் குணசேகரன் சில சமயம் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். நல்ல மனிதர், லைன் நின்றால் மட்டும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஒருநாள், மருந்து குறைந்துபோனால் என்ன ஆபத்து என்று நான் வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். பிள்ளைகள் நோட்டைப் புரட்டினார்கள். பின்னாலிருந்து குணசேகரன்தான் என்னைக் கைதூக்கிவிட நினைத்துப் பதில் சொன்னார்: "பசங்கள பயமுறுத்தாதீங்க சார். ஜாஸ்தியானாத்தான் டேஞ்சர். கம்மியா இருந்தா கொஞ்சம் சேஃப்தானே?"

ஞாயிற்றுக்கிழமை பஸ்

இந்தக் கேள்விக்காகவே ஓர் உதாரணம் தயாரித்து வைத்தேன். கம்பெனி பஸ் நிறைந்து வரும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் யாரும் விழுவதில்லை, விழ இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு அதே பஸ் பாதி காலியாக வரும். அதே பிரேக்குக்கு ஒருவர் முன்னால் போய் முட்டுவார், ஒருவர் பக்கத்து சீட்டில் சாய்வார், ஒருவர் ஒன்றும் நடக்காதது போலத் தூங்குவார். மருந்து மணிகளும் அப்படித்தான். குப்பி சரியாக நிறைந்திருந்தால் மணிகள் நெருக்கிக்கொண்டு நகராமல் நிற்கும். பொறி வந்ததும் முறையாகப் பற்றும். குறைந்தால் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். பொறி மேலே தாண்டிப் போகும். சில மணிகள் பற்றும், சில யோசிக்கும், யோசித்துவிட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தும் பற்றலாம். மெல்ல எரியுமா, தாமதமாக எரியுமா, குபீரென்று எரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதற்குத்தான் எங்கள் அகராதியில் ஆபத்து என்று பெயர்.

உதாரணம் எனக்கே பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தேன். பிள்ளைப்பாக்கத்துக்காரனான பராமரிப்பு டெக்னீசியன் குமார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தான். "அப்ப கூட்டமா நெருக்கிக்கினு வர்றதுதான் சேஃப்டின்றீங்க. சார், இத மட்டும் பஸ் கான்ட்ராக்டர் காதுல போட்றாதீங்க."

மாப்பிள்ளையின் தோள்

என்னை முழுதாக நம்பிய ஒரே ஜீவன் காவல் பிரிவுத் தலைவர் சுபேதார் ராஜாமணி. ராணுவத்திலிருந்து வந்தபின் வடக்கே ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் சில காலம் மேற்பார்வை பார்த்தவர். அங்கே சில உறுப்பினர்கள் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துவார்களாம். அவர்களில் ஒருவர் புதிதாக வந்த மாப்பிள்ளைக்குச் சுடக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்து மாப்பிள்ளையின் தோள் வலிக்கக் கூடாது. சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். ஆகவே அவருக்கென்று தனியாக, மருந்தைக் குறைத்துப் போட்டுச் சில தோட்டாக்களைத் தயார் செய்தார்.

மாப்பிள்ளை சுட்டார். டமார் என்பதற்குப் பதில் 'பொட்' என்று ஒரு சத்தம். தோள் வலிக்கவில்லை. அட்டையில் ஓட்டையும் இல்லை. குறி தவறிவிட்டது என்று நினைத்து அடுத்த தோட்டாவை ஏற்றினார். தள்ளி நின்ற ராஜாமணிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஓடிப்போய்த் துப்பாக்கியைத் தரையைப் பார்க்கத் திருப்பி, விரலை விசையிலிருந்து எடுக்கவைத்து, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். முதல் குண்டு பாதி வழியில் சிக்கி உட்கார்ந்திருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் பிளந்து மாப்பிள்ளையின் முகத்தில்தான் திறந்திருக்கும். ராஜாமணி மாமனாரை அங்கேயே திட்டித் தீர்த்தாராம். மாப்பிள்ளை மட்டும் மரியாதை குறையாமல் சொன்னாராம்: "விடுங்க சார், மாமா என் நல்லதுக்குத்தான் செஞ்சார்."

வீட்டுக்காரம்மா

புது மாடல் குப்பி ஒன்றுக்கு நிரப்பும் இயந்திரம் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் கையால் எடை போட்டு நிரப்பும் சிறு லைன் ஒன்றைத் தொடங்கினோம். அதன் பொறுப்பு தனலட்சுமிக்கு. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். லைனில் இருக்கும் மற்ற பெண்களைப் போல அவளும் ஒப்பந்தத் தொழிலாளி. வாடிக்கையாளரான கார் கம்பெனி வந்து சோதனைக் குப்பிகளைப் பார்த்துச் சரி என்றால் லைன் நிலைக்கும். பெண்கள் நிரந்தரம் ஆவார்கள். சரியில்லை என்றால் லைனை எடுத்துவிடுவார்கள், லைனோடு அவர்களையும். தனலட்சுமிக்கு ஊரில் ஒரு தம்பி படிக்கிறான். அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. இதெல்லாம் அவளாகச் சொன்னதில்லை. லைனில் இருக்கும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பெண்கள் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் சேர்ந்து தங்கியிருந்தார்கள். வெடிமருந்து கம்பெனி என்று எப்படியோ தெரிந்து, வீட்டுக்காரம்மா அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தனலட்சுமி என்னிடம் வந்து, நீங்க பாடம் நடத்துற மாதிரி அந்த அம்மாவுக்கும் ஒரு தடவை நடத்துங்க சார் என்றாள். போனேன். ஆடையில் மருந்து ஒட்டாது, ஆலைக்குள்ளேயே உடை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள், தரைக் கம்பியைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளேயே போகிறார்கள் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பெண்கள் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு, வாசல் வரை வந்து என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: "எதுக்கும் கம்பெனில சொல்லி, இந்தப் பொண்ணுங்க போட்ற மருந்த மட்டும் கம்மியா போட வுடுங்க சார். வயசுப் பொண்ணுங்க, பத்திரமா வூடு வந்து சேரணும்ல."

கற்பூரம் இல்லாத பூஜை

ஆயுத பூஜைதான் என் வருடத்தின் கடினமான நாள். மருந்து ஆலையில் கற்பூரம் ஏற்றக் கூடாது, ஊதுபத்தி கூடாது, விளக்கு கூடாது என்று சொல்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? பேட்டரியில் மினுக்கும் விளக்கு வாங்கிக் கொடுத்தேன். பூசணிக்காயை ராஜாமணியின் மேற்பார்வையில் கேட்டுக்கு வெளியே, கற்பூரம் இல்லாமல் உடைத்தோம். அது ஏதோ காய்கறி விபத்து போலத்தான் இருந்தது. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் கேன்டீனில். மருந்து அறைக்குள் சந்தனமும் குங்குமமும் மட்டும் அனுமதி, அதுவும் அறையில் மருந்து இல்லாத நேரத்தில். அவை எரியாது, பொறி வராது, அறிவியல் என் பக்கம் இருந்தது.

வாடிக்கையாளர் வருகைக்கு முன் வந்த பூஜை என்பதால் தனலட்சுமி ரொம்பவும் பக்தியோடு செய்தாள். மேசை, இருக்கை, கவசக் கண்ணாடி, தராசு என்று ஒன்றையும் விடவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சாமிகிட்ட வேற ஒண்ணுங் கேக்கல சார். இந்த லைனு நெலச்சு நிக்கணும், அம்புட்டுதான்."

இரண்டு தராசுகளின் ஒற்றுமை

பூஜைக்குப் பிறகு சோதனைக் குப்பிகளை நிரப்பத் தொடங்கினார்கள். முறை எளிது. ஒரு சிறு எஃகுக் கிண்ணத்தில் மருந்தை எடை போட வேண்டும்; கிண்ணத்தின் எடையைத் தராசு ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது, அதைக் கழித்துவிட்டு மருந்தின் எடையை மட்டும் காட்டும். அடுத்த மேசையில் வேறு தராசு, வேறு கிண்ணம். அங்கே இன்னொருத்தி அதே மருந்தை மறுபடி எடை போட்டுச் சரிபார்த்த பிறகே குப்பிக்குள் போகும். இரண்டு தராசும் ஒரே எண்ணைக் காட்டின. காலையில் படிக்கல்லை நேரடியாகத் தராசின் தட்டில் வைத்துச் சோதித்தாலும் பிசகில்லை. நான் மனத்துக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

வாடிக்கையாளர் வருவதற்கு முதல் நாள், சில குப்பிகளை எடுத்து எங்கள் சோதனைக் கூண்டில் வெடிக்க வைத்தோம். பெரும்பாலானவை ஏனோதானோவென்று வேலை செய்தன. ஒன்று மிகவும் தாமதம். காதுக்குத் தெரியாத தாமதம்தான். ஆனால் மோதலில் ஆள் முன்னால் பறந்து முடிந்தபின் பெல்ட் வந்து பிடிக்கும் அளவுக்குத் தாமதம். எடை சரி, மருந்து சரி, குப்பி சரி. மூன்றும் சரியாக இருந்தும் முடிவு தப்பாக இருந்தால் மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியவில்லை. குணசேகரன் என் தோளைத் தட்டினார்: "வெடிச்சிடுச்சில்ல சார்? லேட்டா வந்தாலும் அட்டெண்டன்ஸ் உண்டு."

குமார் கெடுத்த கிண்ணம்

அன்று மதியம் இன்னொரு குழப்பம். திடீரென்று இரண்டு தராசுகளும் சண்டை போட்டுக்கொண்டன. முதல் மேசையில் சரியாக இருக்கும் மருந்து, சரிபார்க்கும் மேசைக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த மேசைப் பக்கம் கடைசியாகப் போனவன் குமார் என்று தெரிந்ததும் எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள். தராசை இடித்துவிட்டானா, கழற்றினானா, எதையாவது திருகினானா என்று குணசேகரன் வறுத்தெடுத்தார். கார் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவன் புலம்பினான். "ஒரு கிண்ணத்தத்தான் கழுவி வெச்சேன். அதுக்குள்ள டீக்கு கூப்டாங்க, இன்னொன்னு அப்டியே கீது. கழுவினா எட கொறையுமா சார்?"

கழுவினால் எடை குறையும், கழுவப்படுவதற்கு ஏதாவது இருந்தால். கழுவாத கிண்ணத்தைக் காலியாகத் தராசில் வைக்கச் சொன்னேன். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை. ஒன்றுமில்லாத கிண்ணத்தில் ஏதோ இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்தில், உள்வாங்கிய பள்ளத்தில், ஐம்பது பைசா அகலத்துக்குக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். தட்டில் படாது, கண்ணிலும் படாது. நாங்கள் தினமும் உட்புறத்தைத்தான் துடைப்போம். தராசு அந்தப் பொட்டையும் மருந்தென்று எண்ணி, அந்த அளவு மருந்தைக் குறைத்துக்கொண்டது. சரிபார்க்கும் கிண்ணத்திலும் அதே அளவு பொட்டு இருந்ததால் அதுவும் அப்படியே ஆமாம் போட்டது. இத்தனை நாளும் இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கின்றன. தனலட்சுமி முன்னால் வந்தாள். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "நாந்தான் சார் வச்சேன். மருந்துல குங்குமம் விழுந்துரக் கூடாதுல்லா, அதான் அடியில வச்சேன். ஒரு கிண்ணத்துக்கு வச்சுட்டு இன்னொண்ணுக்கு வைக்காம எப்படி சார்?"

மேலாளர் அறை

குணசேகரன் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேசினார். நாளைக் காலையில் கார் கம்பெனியிலிருந்து குல்கர்னி வருகிறார். இந்தக் கதையைச் சொன்னால் சோதனை ரத்து, லைன் ரத்து. அந்தப் பெண்ணை ஒப்பந்தக்காரர் அன்றே அனுப்பிவிடுவார். தாமதமான குப்பி ஒன்றே ஒன்று; மற்றவை எப்படியோ வேலை செய்கின்றன. சொல்லாமல் விட்டால் எல்லோருக்கும் நல்லது, முக்கியமாக அவளுக்கு. அவர் தீய எண்ணத்தோடு பேசவில்லை என்பதுதான் தொல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் கருணை இருந்தது.

அந்தக் குப்பிகளில் ஒன்றை உங்கள் காரில் வைத்துக்கொள்வீர்களா என்று நான் கேட்டேன். பழைய தந்திரம், உங்களுக்கும் தெரிந்திருக்கும், பெரும்பாலும் பலிக்காது. அவர் ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். தனலட்சுமியை உள்ளே கூப்பிட்டோம். நடந்ததைச் சொல்லப் போகிறோம், அதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க சொல்ல வேண்டாம் சார். நானே சொல்லுதேன். நீங்க சொன்னா பெரிய பாடமா நீளும்."

குல்கர்னியின் திண்டாட்டம்

குல்கர்னி புனேக்காரர். சென்னைக்கு வந்து பல வருஷம் ஆனதால் தமிழ் பேசுவார். மரியாதை மட்டும் அங்கங்கே நழுவும். சப்ளையர்கள் நடுங்கும் ஆள். கூட்ட அறையில் எங்கள் படக்காட்சி தொடங்குவதற்கு முன்பே தனலட்சுமி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். கழுவாத கிண்ணத்தைக் கவிழ்த்து அவர் முன் வைத்தாள். என் பெயர் அதில் வரவில்லை, பாடமாகவும் நீளவில்லை. குல்கர்னி பொட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார். "நானே கண்டுபிடிச்சிருந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "நீயே வந்து சொல்லிட்டா என்ன செய்யணும்னு எங்க கம்பெனியில யாரும் சொல்லித் தரலை."

பொம்மையின் கழுத்து

யோசித்துவிட்டு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குறைந்த மருந்துக் குப்பிகளையும் சோதிப்போம், என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். இருக்கையில் ஆள் உயரப் பொம்மை, பெல்ட், அதில் எங்கள் குப்பி. மோதலைப் போல இருக்கையை உதறி, அதை மெதுவாக ஓட்டிப் பார்க்கும் காமிரா. முதலில் மற்றொரு லைனில் இயந்திரம் நிரப்பிய குப்பி. பெல்ட் இழுத்தது, பொம்மை கொஞ்சமும் அசையவில்லை. (இங்கே இந்தச் சொல்லை அனுமதிக்கிறேன்.) அடுத்து, குறைந்த குப்பி. பொம்மை முன்னால் சாய்ந்தது, கழுத்து வளைந்தது, தாடை மார்பில் இடித்தது. அதற்குப் பிறகு, யாரோ வாசலில் நின்று மணி அடித்து அழைத்த பிறகு எழுந்து வந்தது போல, பெல்ட் நிதானமாக இறுகியது.

குல்கர்னி அதை மறுபடி ஓட்டச் சொன்னார். சோதனைக் குப்பிகள் அனைத்தையும் அழித்துவிட்டு, அதே பெண்கள், அதே லைனில், புதிதாக நிரப்பட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். தனலட்சுமி எழுந்து கையுறை மாட்டப் போனாள். குணசேகரன் மட்டும் அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பொம்மைக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்குறத இன்னிக்குத்தான் சார் பாத்தேன்."

புதிய விதி

புதிதாக நிரப்பிய குப்பிகள் ஒழுங்காக வேலை செய்தன. அனுமதி வருவதற்கு நாளானது. அந்த நாட்களில் தனலட்சுமி வாய் விட்டுச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. குல்கர்னியின் கம்பெனி ஒரு நிபந்தனையோடு அனுமதித்தது: ஒவ்வொரு ஷிப்டிலும் காலிக் கிண்ணத்தையும் எடை போட வேண்டும். அந்த நிபந்தனையை நான் ஒரு விதியாக எழுதி, அரைப் பக்கத்தில் அடங்க வேண்டியதை இரண்டு பக்கத்துக்கு இழுத்தேன். லைன் நிலைத்தது. பெண்கள் நிரந்தரம் ஆனார்கள். அடுத்த பூஜைக்கு முன் தனலட்சுமியே புதுப் பெண்களைக் கூட்டி வைத்து, எங்கெங்கே பொட்டு வைக்கலாம், எங்கே கூடாது என்று சுற்றிக் காட்டினாள். வைக்கலாம் என்பதில் சுவர், கதவு, கம்பம், என் மேசை. தராசையும் கிண்ணத்தையும் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். சாமி கோவிச்சுக்காதா அக்கா என்று ஒருத்தி கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "சாமிக்கு எடை கிடையாது, பொட்டுக்கு உண்டு. போய் வேலையப் பாரு."

சாப்பாட்டு நேரம்

இதற்கெல்லாம் பிறகு நடந்த ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. தப்பைத் தானே சொன்ன பெண் வெளியே போகவில்லை, லைனுக்குப் பொறுப்பாக உள்ளேயே இருக்கிறாள் என்பதை ஆலை முழுக்கப் பார்த்தது. முன்பெல்லாம் தவறுகளை நான்தான் தேடிப் போவேன். மேசைக்கு அடியில், குப்பைத் தொட்டியில், ஷிப்டு மாறும் நேரத்து முகங்களில். இப்போது அவை தாமாக நடந்து என்னிடம் வருகின்றன. ஒரு பெண் வந்து, கையுறை கிழிந்தது தெரியாமல் பாதி ஷிப்டு வேலை பார்த்துவிட்டேன் என்றாள். ஒரு பையன், தரைக் கம்பியைத் தொடாமல் உள்ளே போய்விட்டேன் என்றான். குணசேகரனே ஒருநாள் வந்து, அவசரத்தில் ஒரு சோதனையைத் தாண்டச் சொல்லிவிட்டேன், லைனை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன் என்றார். ரத்த அழுத்தம் ஏறியதாகத் தெரியவில்லை. ஆலை பாதுகாப்பாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது "கொஞ்சம்" மாதிரியான பேச்சு. ஆனால் இப்போது குறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

போன வாரம் கேன்டீனில் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டு போகும்போது எதிரே குமார் வந்து நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னப்பா என்றேன். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான். "நீங்க மொதல்ல சாப்ட்டு முடிங்க சார், அப்பால சொல்றேன். இப்ப சொன்னா நீங்க சாப்ட மாட்டீங்க."

இந்தத் தொழிலில் இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி, தப்பு செய்தவர்கள் தாங்களே வந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது. அந்த நிம்மதியை அனுபவிக்கத்தான் ஒருநாளும் சூடான சாப்பாடு கிடைப்பதில்லை.